அம்மாவுக்கு மட்டும் தெரியும் மீன்

சாமல்பட்டியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஓசூரில் கம்பெனி வேலை, இந்த மாதம் முழுக்க செகண்ட் ஷிப்ட். வீட்டுக் கூடத்தில் மூன்றடிக் கடல்மீன் தொட்டி வைத்து எட்டு மாதம் ஆகிறதாம். ஒரு ஜோடி கோமாளி மீன், இரண்டு நீல டாம்சல், கண்ணாடியை மேயும் நத்தைகள். ஒன்பது நாளுக்கு முன் பெங்களூரில் ஒரு ஃபயர் ஃபிஷ் வாங்கி வந்து, இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலந்து, தொட்டியில் விட்டிருக்கிறார்.

"விட்ட நிமிஷம் பாறைக்குள் போனது. இன்னும் வெளியே வரவில்லை. ராத்திரி பன்னிரண்டரைக்கு வந்து லைட் போட்டால் சடாரென்று ஏதோ ஓடுவது மட்டும் தெரிகிறது. அம்மாவைக் கேட்டால், 'அது நல்லாத்தான் திரியுது, மத்தியானம் பார்த்தேன்' என்கிறார்கள். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறார்களோ என்று சந்தேகம். கடைக்காரர் வேறு மீன் மாற்றித் தருகிறேன் என்கிறார். மாற்றிவிடலாமா?"

மாற்ற வேண்டாம். அம்மா சொல்வதை நம்புங்கள்.

முதலில் அந்த ராத்திரி லைட்டை நிறுத்துங்கள். நீங்கள் வரும் நேரத்தில் மீன் தூங்குகிறது. ஃபயர் ஃபிஷ் பகலில் நடமாடுகிற சாதி. இருட்டினால் வளைக்குள் போய்ச் சாய்ந்துவிடும். நடுராத்திரியில் மொத்த எல்.இ.டி.யும் ஒரே நொடியில் எரிந்தால் அதற்கு என்ன புரியும்? கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய முகம் வேறு. ஒன்பது நாளாக ஒவ்வொரு ராத்திரியும் இதே திடுக்கிடல். கூச்ச சுபாவமே இல்லாத மீன்கூட இதில் மிரண்டுபோகும்.

அம்மா என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். மத்தியானம் சாப்பிட்டு முடித்து, தொட்டிக்கு ஆறேழு அடி தள்ளி உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள். எழுந்து வருவதில்லை, கண்ணாடியைத் தட்டுவதில்லை. மீனுக்கு அவர்கள் ஒரு நாற்காலி மாதிரி. ஒரு வாரத்தில் அந்த நாற்காலி பழகிவிட்டது. மீன் பார்ப்பதற்கு இதைவிட நல்ல முறையை நான் இருபது வருஷத்தில் கண்டதில்லை. நீங்களும் ஒரு லீவு நாளில் அம்மா பக்கத்தில் போய் உட்காருங்கள். செல்போனை நீட்டிக்கொண்டு எழுந்து போகாதீர்கள்.

லைட்டுக்கு டைமர் போடுங்கள். செகண்ட் ஷிப்டுக்கு நீங்கள் பஸ் ஏறும்வரை வீட்டில்தானே இருப்பீர்கள்? காலை ஏழு மணிக்கு எரிந்து மாலை நாலுக்கு அணையும்படி வைத்தால், காலை நேரம் உங்களுக்கு, மத்தியானம் அம்மாவுக்கு. அடுத்த மாதம் ஷிப்ட் மாறினால் டைமரையும் மாற்றத் தோன்றும். மாற்றாதீர்கள். தொட்டிக்கு ஒரே சூரியன் போதும். கூடத்து லைட்டை முதலில் போட்டு, பத்து நிமிஷம் கழித்துத் தொட்டி லைட் எரிந்தால் இன்னும் நல்லது. உங்கள் லைட்டில் வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் முதல் இரண்டு வாரம் பாதியில் வையுங்கள்.

டைமர் வாங்கும்போது ஒரு விஷயம். பல்லுப் பல்லாகக் குத்திவிடும் பழைய மாதிரி டைமர் கரண்ட் போனால் நின்றுபோகும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து சுற்றும். நாளுக்கு ஒரு மணி நேரம் கரண்ட் போனால் ஒரு வாரத்தில் உங்கள் தொட்டியின் காலை ஏழு, மத்தியானம் இரண்டாகிவிடும். மாலையில் அணைவதும் அதேபோல் தள்ளிப்போகும். உள்ளே சின்ன பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர்தான் நம் பக்கத்துக்குச் சரி. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என்னுடைய முதல் ஃபயர் ஃபிஷ், கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு ஆடி மாதக் காற்றடிப்பில், நடுராத்திரி எரிந்த லைட்டுக்குப் பயந்து துள்ளி, காலையில் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் கருவாடாகக் கிடந்தது. தொட்டிக்கு மூடி இருந்தது. ஒயர் உள்ளே போக விட்டிருந்த இரண்டு விரல் இடைவெளி வழியாகப் போயிருக்கிறது.

அதனால் இன்றைக்கே மூடியைப் பாருங்கள். இந்த மீன் தொட்டியில் சாவதற்கு முக்கியக் காரணம் துள்ளி வெளியே விழுவதுதான், நோயெல்லாம் அப்புறம். கண்ணாடி மூடி போட்டால் சூடு ஏறும், காற்றும் மாறாது. வலை மூடிதான் ஏற்றது. ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலையே போதும், ஆனால் கறுப்பு வலை வெளிச்சத்தைத் தின்னும். கால் அங்குலக் கண்ணுள்ள வெள்ளை நைலான் வலையை ஜன்னல் வலைக்கான அலுமினியச் சட்டத்தில் மாட்டித் தரச் சொன்னால் ஊத்தங்கரையிலேயே செய்து கொடுப்பார்கள். மூலையில் ஒயருக்கு வெட்டும் ஓட்டையைப் பஞ்சு வைத்து அடையுங்கள்.

இனி மீனைப் பற்றி. ஒரு விரல் நீளம்தான். தலையில் லேசாக மஞ்சள், முன்பாதி வெள்ளை, பின்னால் போகப் போக ஆரஞ்சாகி, வாலருகே கருஞ்சிவப்பு. முதுகில் ஒற்றைக் கம்பி போல ஒரு நீண்ட முள். நிம்மதியாக இருக்கும்போது அதை விறைப்பாக நிமிர்த்தி, விட்டு விட்டு ஆட்டும். வீட்டு வாசலில் நிற்கிறவர் துண்டை உதறுவது போல இருக்கும். கடலில் இது பவளப்பாறைச் சரிவின் அடிப்பக்கம், மணலும் உடைகல்லும் கலந்த இடத்தில், தன் வளைக்கு நேர்மேலே நீரோட்டத்தைப் பார்த்து மிதந்தபடி நிற்கும். ஓட்டத்தில் வருகிற பொடிப்பொடி உயிரிகளைப் பொறுக்கித் தின்னும். மேலே ஒரு நிழல் விழுந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் வளைக்குள்.

அது வெளியே நிற்கும் தைரியமெல்லாம் அந்த வளையிலிருந்துதான் வருகிறது. புது ஆட்கள் பலர் 'ஒளியும் மீனுக்கு ஒளிய இடம் கொடுத்தால் வரவே வராது' என்று பாறைகளைக் குறைப்பார்கள். உள்ளதும் போய்விடும். வளை பக்கத்தில் இருந்தால்தான் மீன் துணிந்து திறந்த வெளியில் நிற்கும். வளை இல்லாத தொட்டியில் பின்கண்ணாடிக்கும் பாறைக்கும் நடுவில் போய் ஒட்டிக்கொள்ளும். உங்கள் மீன் இப்போது இருப்பது அநேகமாக அங்கேதான்.

ஹார்டுவேர் கடையில் முக்கால் அங்குல பி.வி.சி. பைப் ஒரு சாண், இரண்டு எல்போ வாங்குங்கள். பசை போடாமல் செருகுங்கள். தொட்டியின் முன்பக்கத்தில், வேவ் மேக்கரின் ஓட்டம் மெதுவாகத் தொடும் இடத்தில், மணலுக்குள் பைப்பைப் படுக்க வைத்து, இரண்டு எல்போவின் வாய் மட்டும் மணலுக்கு மேல் தெரிகிற மாதிரி புதையுங்கள். சுற்றிலும் சின்னக் கற்களைப் போட்டு வாயை மறையுங்கள். இரண்டு வாசல் இருப்பது அவசியம். ஒரு வாசலில் டாம்சல் வந்து நின்றால் இன்னொன்றில் தப்பிக்க வேண்டுமே. பைப் பிடிக்காவிட்டால் வர்ணம் பூசாத, மெருகு போடாத மண்பானை ஓடு. நன்றாகச் சுட்டதாக இருக்கட்டும்.

இங்கே ஒரு கேள்வி வழக்கமாக வரும். நம் ஊரைச் சுற்றிக் கல்லுக்கா பஞ்சம், அதையே போடலாமா என்று. சாமல்பட்டிப் பாறை புவியியல்காரர்களுக்குப் பிரசித்தம். கார்பனடைட் என்று, எரிமலைக் குழம்பிலிருந்து பிறந்த சுண்ணாம்புப் பாறை இங்கே இருக்கிறது. சுண்ணாம்பு என்றதும் பவளப்பாறைக்குச் சொந்தம் போலத் தோன்றும். ஆனால் இந்த வகைப் பாறையில் வேறு பல கனிமங்களும் கலந்தே வரும். எது கரைந்து தண்ணீரில் இறங்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. மீன் தாங்கினாலும் நத்தை, இறால் தாங்காது. ஊர்க்கல் வீட்டு வாசலுக்கு அழகு, தொட்டிக்கு வேண்டாம்.

மறுபக்கம், 'ராமேஸ்வரத்துப் பவளக்கல், கிலோ இவ்வளவு' என்று யாராவது ரகசியமாகக் கொடுத்தால் தொடாதீர்கள். நம் கடலில் பாறை கட்டும் பவளங்களும் கடல்விசிறியும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. கடல்குதிரையும் அதே வருஷம் அதே பட்டியலுக்கு வந்தது. செத்த கல் என்றாலும் வழக்கு வழக்குதான். தொட்டிக்கென்று செயற்கையாக வார்த்த கல் கடைகளில் கிடைக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் அதன்மேல் ஊதாப் பாசி படிந்து, எது எது என்று யாருக்கும் தெரியாது.

அடுத்து அந்த இரண்டு டாம்சல். எனக்கு முதல் சந்தேகமே அவர்கள் மேல்தான். தொட்டி புதிதாக இருக்கும்போது 'விலை குறைவு, சாகாது' என்று கடைக்காரர் எல்லோருக்கும் டாம்சல் கொடுப்பார். சாகாது என்பது உண்மை. எட்டு மாதத்தில் அது தொட்டி முழுவதையும் பட்டா போட்டு வைத்திருக்கும். புதிதாக எது வந்தாலும், முக்கியமாக மென்மையான எது வந்தாலும், துரத்தும். கடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. வளையை விட்டுத் தலை நீட்டும்போதெல்லாம் ஒரு முறை சீறி வந்தால் போதும், ஃபயர் ஃபிஷ் சாப்பிட வெளியே வராமலே மெலிந்துபோகும்.

அம்மாவிடம் கேளுங்கள், நீல மீன் துரத்துகிறதா என்று. துரத்துகிறது என்றால் புது மீனைப் பிடிக்க வலை போட்டுக் கலைக்காதீர்கள். ரவுடியைப் பிடித்து உள்ளே போடுங்கள். மூடியுள்ள, உட்புறம் தெரிகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் நாலு பக்கமும் நிறைய ஓட்டை போட்டு, தொட்டிக்குள்ளேயே மேல்மட்டத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். டாம்சல்களை ஒரு வாரம் அதில் அடையுங்கள். தீனி அங்கேயே போடலாம். இதற்கிடையில் பாறை அடுக்கை மாற்றி வையுங்கள். ஒரு பாறையை இடமிருந்து வலமாக நகர்த்தினாலும் போதும். ஒரு வாரம் கழித்து டாம்சல் வெளியே வரும்போது அதன் பழைய எல்லைக்கல் இருந்த இடத்தில் இருக்காது. இப்போது அதுதான் புது ஆள். அப்படியும் அடங்காவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். டாம்சலைப் பிடிப்பது லேசு இல்லை என்று தெரியும். சின்னத் தூண்டில் முள்ளின் கொக்கியைத் தட்டி மழுக்கி, இறால் துணுக்கு குத்திப் பிடித்தவர்களும் உண்டு.

கோமாளி ஜோடியைப் பற்றிக் கவலை வேண்டாம். அவை இந்த விஷயத்தில் உங்கள் பக்கம். திறந்த வெளியில் பயமில்லாமல் நீந்தும் மீன் இருந்தால், ஒளிந்திருக்கும் மீன் அதைப் பார்த்து 'இப்போதைக்கு ஆபத்து இல்லை' என்று தெரிந்துகொள்ளும். உங்களுடையது பண்ணைக் குஞ்சாக இருந்தால் இன்னும் விசேஷம். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவன மையங்களிலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீனைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையைத் தேர்ந்து வைத்திருக்கிறார்கள். அப்படிப் பிறந்த குஞ்சு கடலையே பார்த்ததில்லை. மனிதக் கை தண்ணீருக்கு மேல் தெரிந்தால் அதற்குச் சாப்பாடு என்று அர்த்தம். உங்கள் ஃபயர் ஃபிஷ் அநேகமாகக் கடலில் பிடித்தது. அதற்குக் கை என்றால் வலை. அடுத்த மீன் வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள். நூறு இருநூறு ரூபாய் கூடப் போனாலும் பண்ணை மீன் கிடைத்தால் அதையே எடுங்கள்.

தீனி. நீங்கள் பெல்லட் மட்டும் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பெல்லட் இந்த மீனுக்கு முதல் வாரத்தில் கல்லுக்குச் சமம். அது தேடுவது நீரோட்டத்தில் அசைந்து வரும் பொடி உயிர். ஆர்ட்டீமியா முட்டை வாங்குங்கள். இது வெளிநாட்டு அதிசயம் ஒன்றும் இல்லை, தூத்துக்குடி உப்பளத்துத் தண்ணீரில் நெளியும் சிற்றிறால் இந்த இனம்தான். ஒரு லிட்டர் சோடா பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து வைத்து, லிட்டருக்கு 25 கிராம் உப்பு கலந்த தண்ணீர் ஊற்றி, கால் ஸ்பூன் முட்டை போட்டு, ஏர் பம்ப் குழாயை அடிவரை விடுங்கள். மேலே ஒரு பல்பு. தண்ணீர் 28 டிகிரி இருந்தால் 24 மணி நேரத்தில் ஆரஞ்சுப் பொடி போலக் குஞ்சுகள் நீந்தும். காற்றை நிறுத்தி, பல்பை அடிப்பக்கம் மாற்றிப் பத்து நிமிஷம் விட்டால் காலி ஓடு மேலே மிதக்கும், குஞ்சு வெளிச்சப் பக்கம் கூடும். அங்கிருந்து குழாயால் உறிஞ்சி, துணியில் வடித்து, கொஞ்சம் நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். ஓடு கலந்துவிடாமல் பாருங்கள், சின்ன மீன் வயிற்றில் அடைக்கும்.

போடும் விதமும் முக்கியம். முதலில் டாம்சலுக்கும் கோமாளிக்கும் தொட்டியின் எதிர்மூலையில் பெல்லட் போட்டு அங்கே இழுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஊசி இல்லாத சிரிஞ்சில் ஒரு சாண் ஏர் டியூப் மாட்டி, ஆர்ட்டீமியாவை உறிஞ்சி, வளைக்கு மேற்பக்கமாக, ஓட்டம் தானே கொண்டுபோய்ச் சேர்க்கும்படி மெதுவாக விடுங்கள். வளைக்குள் நேராகப் பீய்ச்சினால் பயந்து உள்ளே போகும். இரண்டு மூன்று நாளில் தலை மட்டும் வெளியே வந்து ஒரு குஞ்சை லபக்கென்று கவ்விவிட்டு உள்ளே போவதைப் பார்ப்பீர்கள். அதிலிருந்து ஒரு வாரத்தில், உறைய வைத்த மைசிஸ் இறாலைப் பொடியாக நறுக்கி இதோடு கலந்து பழக்கலாம். பெல்லட் கடைசியில். ஒரே வேளையில் கொட்டாமல் காலையில் நீங்கள் இரண்டு தடவை, மத்தியானம் அம்மா ஒரு தடவை. அம்மாவுக்குச் சிரிஞ்சில் அளந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். பாவம் பசிக்கும் என்று கூடப் போடுவது எல்லா வீட்டிலும் நடக்கும்.

ஒளிவதையும் நோயையும் எப்படிப் பிரிப்பது? மீன் எங்கே இருக்கிறது என்பதைவிட எப்படி மூச்சு விடுகிறது என்று பாருங்கள். செவுள் மூடி ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை திறந்து மூடுகிறது என்று எண்ணுங்கள். பயந்த மீன் முதலில் வேகமாக மூச்சுவிட்டாலும், தனியே விட்டால் அரை மணியில் அடங்கிவிடும். எந்த நேரம் எண்ணினாலும் நூறைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தால், வாயைப் பிளந்தபடி இருந்தால், வேவ் மேக்கரின் முன்னாலேயே போய் நின்றுகொண்டால், அது கூச்சம் இல்லை. உடம்பில் உப்புத் தூள் போல வெள்ளைப் புள்ளி இருந்தால் கடல் வெண்புள்ளி நோய். மஞ்சள் தூசி படிந்தாற்போல இருந்தால் அதைவிட மோசமான வெல்வெட் நோய், அது இரண்டு மூன்று நாளில் தொட்டியையே காலி செய்யும். தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றிக் கத்தி முனைபோல ஆனால் பட்டினி முற்றிவிட்டது. இரவில் பார்த்தே ஆகவேண்டும் என்றால் டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றிப் பாருங்கள். பல கடல்மீன்களுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரிவதில்லை.

நோய் என்று உறுதியானால் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து. வெண்புள்ளிக்கும் வெல்வெட்டுக்கும் கொடுக்கும் தாமிர மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் நத்தையிலிருந்து பவளம்வரை எல்லாம் போய்விடும். நீங்கள் இந்த மீனைத் தனித் தொட்டியில் வைக்காமல் நேராக விட்டதற்கு நான் திட்டவேண்டும். ஒன்பது நாள் தாண்டியும் அது நன்றாகத் திரிவதாக அம்மா சொல்வதால் இந்த முறை விட்டுவிடுகிறேன். அடுத்த மீனுக்கு நாற்பது லிட்டர் தொட்டி, மணல் வேண்டாம், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், இரண்டு பி.வி.சி. துண்டு, நான்கிலிருந்து ஆறு வாரம். கூச்ச மீனுக்கு இது இன்னொரு விதத்திலும் நல்லது: போட்டி இல்லாமல் சாப்பிடக் கற்றுக்கொண்டு, சதை பிடித்து, பிறகு டாம்சல்களைச் சந்திக்கும்.

அந்த இரண்டு மணி நேரச் சொட்டு விஷயத்துக்கு வருகிறேன். வீடியோக்களில் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள், அதனால் உங்கள் மேல் தப்பில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். பெங்களூரில் கட்டிய பை, கிருஷ்ணகிரி, மத்தூர் வழியாக ஊத்தங்கரை பஸ்ஸில் வந்து வீடு சேர ஐந்து மணி நேரமாவது ஆகியிருக்கும். மூடிய பைக்குள் மீன் மூச்சு விட்டு விட்டுக் கரியமில வாயு கூடுகிறது, பி.எச். இறங்குகிறது. கழிவால் அம்மோனியாவும் சேர்கிறது. பி.எச். தாழ்ந்திருக்கும்வரை அந்த அம்மோனியா பெரும்பாலும் விஷமற்ற வடிவில் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்து, பி.எச். 8.2 உள்ள தொட்டித் தண்ணீரைச் சொட்டவிட ஆரம்பித்ததும் வாயு வெளியேறுகிறது, பி.எச். ஏறுகிறது, அடங்கிக் கிடந்த அம்மோனியா விஷமாக எழுகிறது. மீனை அந்தக் குளத்திலேயே இரண்டு மணி நேரம் உட்கார வைக்கிறோம், பழக்குகிறோம் என்று பெயர் சொல்லி.

ஐந்து மணி நேரப் பயணத்தில் இது பெரிதாகத் தாக்காது. கூரியரில் ஒரு இரவும் பகலும் வந்த பைக்கு உயிர்ப் பிரச்சினை. சரியான முறை, கடையில் கிளம்பும் முன்னாலேயே அவர்கள் தண்ணீரின் உப்பு அளவைக் கேட்டுக்கொள்வது. நிறையக் கடைகளில் ஒட்டுண்ணியைக் குறைக்கவும் உப்புச் செலவைக் குறைக்கவும் 1.019, 1.020 என்று தாழ்த்தி வைத்திருப்பார்கள். நம் தொட்டி 1.025. கடல்மீன் தாழ்ந்த உப்புக்குச் சட்டென்று இறங்கித் தாங்கும். ஏறுவதுதான் கஷ்டம், உடம்பிலிருந்து நீர் வற்றும். அதனால் தனித் தொட்டித் தண்ணீரைக் கடை அளவுக்கே கலந்து வைத்து, மூடிய பையை இருபது நிமிஷம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்கி, பையைத் திறந்த உடனே மீனை மட்டும் எடுத்து விட்டுவிடுங்கள். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகக்கூடாது. அப்புறம் நாளுக்கு 0.001 வீதம் உப்பை ஏற்றினால் ஒரு வாரத்தில் சேர்ந்துவிடும். அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வையுங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் டப்பா மீட்டரில், முள்மேல் குமிழி ஒட்டினாலே கணக்கு தப்பும்.

பஸ்ஸில் வரும்போது தெர்மாகோல் பெட்டி. பெங்களூரில் மார்கழிக் காலைக் குளிரில் கிளம்பி மத்தூர் வரும்போது வெயில் ஏறியிருக்கும், ஏ.சி. பஸ் என்றால் அது வேறு. பெட்டியைத் திறந்து திறந்து பார்க்காமல் வந்தால் பாதி வேலை முடிந்தது.

தண்ணீர் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, அதனால் நானே சொல்கிறேன். நம் பக்கத்து போர் தண்ணீர் கடினம், ஃபுளோரைடும் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் வந்ததே அந்த ஃபுளோரைடு கெடுதலுக்காகத்தான். குழாயில் வருவது காவிரித் தண்ணீராக இருந்தாலும் குளோரின் இருக்கும். குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ. மெஷின் மட்டும் போதாது. போர் தண்ணீரின் டி.டி.எஸ். 1,000 என்றால், நல்ல மெம்பிரேன் 95 சதவீதம் தடுத்தாலும் 50 மிஞ்சும். பல வீட்டு மெஷின்களில் ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரையே கலந்தும் விடுவார்கள். அதற்குப் பின்னால், மிஞ்சியதைப் பிடித்துக்கொள்ள ஒரு டி.ஐ. ரெசின் குழாய் மாட்டி, மீட்டர் பூஜ்யம் காட்டும் தண்ணீரில் உப்பைக் கலக்குங்கள்.

சித்திரை, வைகாசியில் தொட்டியின் சூடு 30-ஐத் தாண்டும். சூடு ஏறினால் தண்ணீரில் பிராணவாயு குறையும், கூச்ச மீன் முதலில் வாடும். சில்லர் வாங்கக் கடன் வாங்க வேண்டாம். நம் ஊர்க் காற்று வறண்டது. தண்ணீரின் மேற்பரப்பில் படும்படி ஒரு சின்ன ஃபேன் வைத்தால் ஆவியாதலிலேயே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சென்னைப் புழுக்கத்தில் இதே ஃபேன் பாதிகூட வேலை செய்யாது. விலை என்னவென்றால், நாளுக்கு இரண்டு லிட்டர்வரை வற்றும். உப்பு வற்றாது. வற்றியதற்குப் பதில் தினமும் உப்புக் கலக்காத அந்த டி.ஐ. தண்ணீரையே, பழைய கோட்டுக்கு வரும்வரை ஊற்றுங்கள். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால் அம்மாவே பார்த்து ஊற்றுவார்கள். கரண்ட் போனால் ஓடுவதற்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று, அல்லது வீட்டு இன்வெர்ட்டரில் வேவ் மேக்கருக்கு மட்டும் ஒரு லைன். லைட்டுக்கு வேண்டாம்.

எவ்வளவு நாள் காத்திருப்பது என்று கேட்பீர்கள். டைமர், வளை, டாம்சல் சிறை மூன்றும் முடிந்தபின் பத்து நாள் கொடுங்கள். ஃபயர் ஃபிஷ் வழக்கமாக ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அதே வளைக்கு மேலே அதே உயரத்தில் நிற்க ஆரம்பிக்கும். தனியாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு உடனே இன்னொன்று வாங்கி விடாதீர்கள். ஜோடி சேர்ந்தால் ஒரே வளையில் ஒற்றுமையாக இருக்கும். சேராவிட்டால் மூன்றடித் தொட்டியில் ஒன்று இன்னொன்றை ஓரங்கட்டிக் கொல்லும். வெளியிலிருந்து பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. ஒன்று போதும்.

கடைக்காரர் மாற்றித் தருகிறேன் என்பது நல்ல மனசுதான். ஆனால் இந்த மீனைப் பாறையைப் பிரித்துப் பிடித்து, மறுபடி பையில் கட்டி, மறுபடி ஐந்து மணி நேரம் பஸ்ஸில் கொண்டுபோனால் அது அங்கே போய்ச் சேருமா என்பதே சந்தேகம். வருகிற புது மீனுக்கும் அதே டாம்சல், அதே பன்னிரண்டரை மணி லைட்.

அம்மாவுக்கு ஒரு பழைய காலண்டரும் பேனாவும் கொடுங்கள். மீன் வெளியே நின்ற நேரம், சாப்பிட்டதா, நீலம் துரத்தியதா, இந்த மூன்று மட்டும் அந்தந்த நாள் கட்டத்தில் குறிக்கட்டும். பத்து நாள் கழித்து அந்தத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மூடியின் ஒயர் ஓட்டையையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.